பைக்குள் அடங்கும் துப்பாக்கி நமக்கு வேண்டாம்

கொட்டாம்பட்டி வட்டாரத்தில் மலையடியில் வெள்ளாமை செய்யும் பெரியவர்களுக்கும், அந்த வீடுகளின் இளைஞர்களுக்கும்,



கடலைக் காட்டில் பன்றி இறங்கிய மறுநாள் காலையில் வரப்பில் வந்து நிற்கும் உழவரிடம் யாரும் நியாயம் பேச முடியாது. உழுது, விதைத்து, களையெடுத்து, தொண்ணூறு நாள் காத்த செடியை ஒரே இரவில் ஒரு கூட்டம் மூக்கால் புரட்டிப் போட்டுவிட்டுப் போயிருக்கும். கரந்தமலைப் பக்கமிருந்தும் அழகர்மலைப் பக்கமிருந்தும் காட்டுமாடு இறங்குகிறது. மயில் நாற்றங்காலைக்கூட விடுவதில்லை. வரப்பைச் சுற்றிப் பழைய சேலைகளைக் கட்டியாயிற்று, தகரம் தட்டியாயிற்று, இரவு முழுக்க வெடி போட்டும் பார்த்தாயிற்று. இந்த நிலையில் "எங்களுக்குத் துப்பாக்கி லைசென்ஸ் கொடுங்கள்" என்ற குரல் எழுந்தால் அதில் தவறு காண நான் தயாராக இல்லை. இந்த மடல் அந்தக் குரலுக்கு எதிரானதல்ல. எந்தத் துப்பாக்கி என்பதுதான் என் கேள்வி. ஏனென்றால் இன்று கைபேசித் திரையில் இளைஞர்கள் ஆசையாகப் பார்க்கிற துப்பாக்கி ஒன்று இருக்கிறது, கார்பைன் என்பார்கள். எடை குறைவு, இரண்டாகக் கழற்றிப் பள்ளிக்கூடப் பை அளவுள்ள பையில் வைத்துவிடலாம், கைத்துப்பாக்கித் தோட்டாவையே போட்டுத் தோளில் அணைத்துச் சுடலாம். நம் காட்டுக்கும் தோட்டத்துக்கும் இதுதான் சரி என்று அதைப் பார்க்கிறவருக்குத் தோன்றும். சரியில்லை என்று நான் நினைக்கிறேன். காரணங்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். உங்கள் தரப்பில் எழக்கூடிய மறுப்புகளுக்கும் என்னால் முடிந்தவரை பதில் சொல்கிறேன்.

முதலில் அந்தத் துப்பாக்கிக்கு உரிய மதிப்பைக் கொடுத்துவிட வேண்டும், அது அசட்டுப் பொருள் அல்ல. கைத்துப்பாக்கியைக் குறி தவறாமல் சுடுவது கடினம். நீட்டிய கை ஆடும், குழல் குட்டை, முன்குறிக்கும் பின்குறிக்கும் இடைவெளி ஒரு சாண்கூட இராது. அதே தோட்டாவை நீண்ட குழலில் போட்டு, பின்கட்டையைத் தோளில் ஊன்றிச் சுட்டால் கை நடுக்கம் பாதி அடங்கிவிடும். 9 மில்லிமீட்டர் தோட்டா கைத்துப்பாக்கியிலிருந்து நொடிக்குச் சுமார் 350 மீட்டர் வேகத்தில் புறப்படும் என்றால், கார்பைன் குழலிலிருந்து ஏறக்குறைய 400 மீட்டர் வேகத்தில் புறப்படும். பின்னுதைப்பு மென்மையானது, புதிதாகப் பழகுகிறவர்கூட இரண்டு நாளில் 50 மீட்டரில் குறி போட்டுவிடலாம். அமெரிக்காவின் ரூகர் நிறுவனம் செய்யும் பிசி கார்பைன் சுமார் 3 கிலோ, குழலும் உடலும் ஒரு திருகலில் பிரிந்துவிடும். கெல்டெக் நிறுவனத்தின் சப் 2000 அதைவிட இலேசு, 2 கிலோகூட இல்லை, நடுவில் மடிந்து ஒரு முழ நீளப் பொருளாகிவிடும். இவையெல்லாம் உண்மையான வசதிகள்தாம்.

ஆனால் ஒரு கருவி அது பிறந்த மண்ணின் சட்டத்தையும் வாழ்க்கையையும் அளவெடுத்துத் தைத்த சட்டை போன்றது. இந்தக் கார்பைன்களின் குழல் ஏன் பெரும்பாலும் 16 அங்குலத்தை ஒட்டி நிற்கிறது? அமெரிக்காவில் 16 அங்குலத்துக்குக் குறைந்த குழலுடைய ரைபிளுக்குத் தனிப் பதிவும் தனிக் கட்டுப்பாடும் உண்டு. அந்தக் கோட்டை ஒட்டியே வடிவமைக்கிறார்கள். கைத்துப்பாக்கிக்கும் தோள்துப்பாக்கிக்கும் ஒரே தோட்டா என்ற பழக்கமும் அந்த நாட்டுச் சமவெளியில் பிறந்தது. 1873-இல் வந்த வின்செஸ்டர் ரைபிளின் தோட்டாவுக்கே பின்னர் கோல்ட் நிறுவனம் ரிவால்வர் செய்தது. ஊரிலிருந்து நூறு மைல் தள்ளி மாடு மேய்ப்பவனுக்கு ஒரே பையில் ஒரே வகைத் தோட்டா போதும் என்பது பெரிய நிம்மதி. கழற்றி அடக்கும் வடிவத்துக்கும் இப்படி ஒரு கதை உண்டு. 1950-களில் ஏஆர்-7 என்ற .22 ரைபிளை யூஜின் ஸ்டோனர் வடிவமைத்தார். விமானம் பழுதாகி மனிதவாடை இல்லாத இடத்தில் இறங்க நேரும் விமானி முயல் அடித்தாவது உயிர் பிழைக்கட்டும் என்ற எண்ணத்தில் பிறந்து, குழலும் விசைப்பகுதியும் பின்கட்டைக்குள்ளேயே அடங்கும்படி செய்யப்பட்ட துப்பாக்கி அது. ஆக, இந்த வடிவத்துக்குக் காரணம் தூரமும் ஆளில்லா வெளியும் சொந்த வண்டியும். மேலூரிலிருந்து கருங்காலக்குடி வழியாகக் கொட்டாம்பட்டி வரும் பேருந்தில் நிற்க இடமில்லாமல் வருகிற நமக்கு அந்தத் தூரமும் இல்லை, அந்த வெறுமையும் இல்லை. நம் ஊரில் துப்பாக்கி பயணம் போக வேண்டிய அவசியமே கிடையாது. அது ஒரு வயலில் நிற்க வேண்டும், அல்லது ஒரு பயிற்சிக் களத்தில் நிற்க வேண்டும். என் வாதம் முழுவதும் இந்த ஒரு புள்ளியில்தான் நிற்கிறது.

நம் சட்டமும் இதே புள்ளியில்தான் நிற்கிறது. 1959-ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டத்தைப் பலரும் தடைச்சட்டம் என்றே அறிந்திருக்கிறோம். அதன் 13-ஆம் பிரிவைப் படித்தவர்கள் குறைவு. அந்தப் பிரிவு இரண்டு வகையினரைத் தனியே பெயர் சொல்லி அழைக்கிறது. பயிர்க்காப்புக்காக உண்மையாகவே துப்பாக்கி தேவைப்படுகிற குடிமகனுக்கு, வாய்வழியே மருந்து கெட்டிக்கிற நாட்டுத் துப்பாக்கிக்கு உரிமம் கொடுக்கச் சொல்கிறது. அது போதாது என்று உரிமம் தரும் அதிகாரிக்குத் தெளிவானால் 20 அங்குலத்துக்குக் குறையாத குழலுள்ள, உள்வரி இல்லாத வழவழப்புக் குழல் துப்பாக்கியும் கொடுக்கலாம். இன்னொரு வகை, அங்கீகாரம் பெற்ற ரைபிள் சங்கத்தின் உறுப்பினர். அவருக்குக் குறிபார்த்துப் பழக .22 ரைபிள் அல்லது காற்று ரைபிள். இரண்டிலும் துப்பாக்கி ஓர் இடத்தோடு முடிச்சுப் போடப்பட்டிருக்கிறது, ஒன்று வயலோடு, மற்றொன்று களத்தோடு. மறுபக்கம், 9 மில்லிமீட்டர் தடை செய்யப்பட்ட துளை அளவு (bore). அதற்கு மாவட்ட ஆட்சியர் உரிமம் தர முடியாது, தில்லியில் உள்துறை அமைச்சகம் வரை போக வேண்டும். உரிமம் இல்லாமல் தடை செய்யப்பட்ட படைக்கலம் வைத்திருந்தால் 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு 7 முதல் 14 ஆண்டு வரை சிறை. "துண்டு துண்டாகத்தானே இருக்கிறது" என்பதும் எடுபடாது, படைக்கலம் என்ற சொல்லுக்குள் அதன் உறுப்புகளையும் சேர்த்தே சட்டம் இலக்கணம் வகுத்திருக்கிறது. பட்டறையில் கடைசல் வேலை தெரிந்த இளைஞர் யாராவது காணொளி பார்த்து ஓர் உறுப்பைச் செய்து பார்க்கலாமா என்று நினைத்தால் அவருக்கு நான் கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்வது இதுதான்: உரிமமின்றித் துப்பாக்கி செய்வதற்கு இன்று 7 ஆண்டு முதல் ஆயுள் வரை தண்டனை. ஒரு வீட்டின் ஒரு தலைமுறையே அதில் போய்விடும்.

சட்டம் என்று சொன்னவுடன் நம் பக்கத்தில் ஒரு பழைய கோபம் எழும், அதை நான் லேசாக எண்ணவில்லை. 1755-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் கர்னல் ஹெரானின் படையை நத்தம் கணவாயில் மடக்கித் தாக்கியவர்கள் இந்தச் சீமைக் கள்ளர்கள். மருது சகோதரர்களின் போர் அடக்கப்பட்ட 1801-இன் டிசம்பரில் கம்பெனி அரசு தெற்குப் பாளையங்களின் ஆயுதங்களைப் பறிக்கும் பிரகடனத்தை வெளியிட்டது. 1878-இன் படைக்கலச் சட்டம் இந்தியருக்கு ஒரு நீதியும் வெள்ளையருக்கு ஒரு நீதியும் வைத்தது. "அன்று பிடுங்கினான், இன்றுவரை திருப்பித் தரவில்லை" என்று சொல்பவரிடம் வரலாறு இருக்கிறது. ஆனாலும் அந்த வரலாற்றின் அடுத்த பக்கத்தையும் அவர் திருப்ப வேண்டும். சுதந்திர இந்தியாவின் நாடாளுமன்றம் அந்த இனப் பாகுபாட்டை நீக்கித்தான் புதிய சட்டம் செய்தது. அதன் 14-ஆம் பிரிவில் ஒரு வரி உண்டு, போதுமான சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒருவருக்கு உரிமம் மறுக்கக் கூடாது என்று. அரை ஏக்கர் குத்தகைக்காரருக்கும் ஐம்பது ஏக்கர் பண்ணைக்காரருக்கும் ஒரே தகுதி என்பது அதன் பொருள். அந்தச் சட்டம் 1962 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. அடுத்த ஆண்டே சென்னை மாநிலத்தின் உள்துறை நம் தும்பைப்பட்டிக் கக்கன் கைக்கு வந்தது. நம்மவர்களும் சேர்ந்து தாங்கிய சட்டம் அது. அதில் நமக்குச் சாதகமான வரி ஏட்டிலேயே கிடக்கிறது. அதை எடுத்துப் பயன்படுத்தக் கேட்பதுதான் வலிமை. அதில் இல்லாத ஒரு துப்பாக்கிக்கு ஆசைப்பட்டால் கேட்கும் உரிமையும் பலவீனப்படும். "குடகில் உரிமமே இல்லாமல் வைத்திருக்கிறார்களே" என்று யாராவது கேட்கலாம். உண்மை. குடவர்களுக்கும் ஜம்மா என்ற பரம்பரை நில உரிமை பெற்றவர்களுக்கும் உள்ள அந்த விலக்கு 2029 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் அதுவும் ஒரு நாட்டோடும் நிலத்தோடும் கட்டுண்ட விலக்குதான்.

விவரமறிந்தவர்கள் இன்னொரு மறுப்பைச் சொல்வார்கள், அது கூர்மையானது. பழைய ஜமீன் வீடுகளில் இருக்கும் இரட்டைக் குழல் துப்பாக்கியும் கழற்றக் கூடியதுதானே? முன்கட்டையைப் பிரித்து, குழலைக் கொக்கியிலிருந்து தூக்கினால் மூன்று துண்டாகிவிடும், அந்தக் காலத்துத் தோல்பெட்டியின் நீளமே அதற்குச் சாட்சி. கழற்றுவது அங்கே குற்றமில்லை என்றால் இங்கே மட்டும் எப்படிக் குற்றம்? கழற்றுவதே குற்றம் என்று நான் சொல்லவில்லை. எண்ணெய் போட, துருவெடுக்க, பெட்டியில் பூட்ட, எந்தத் துப்பாக்கியும் கழற்ற வேண்டியதே. வேறுபாடு கூட்டிய பிறகு வருகிறது. இரட்டைக் குழலைக் கூட்டினால் கிட்டத்தட்ட நாலடி நீளப் பொருள், தெருவில் நடந்தால் நூறு அடியிலேயே தெரியும். இரண்டு வெடி, பிறகு மடக்கி, காலிக் கூட்டை எடுத்து, வேறு தோட்டா போட வேண்டும். கார்பைனில் ஒரே செருகலில் பதினைந்து, பதினேழு தோட்டா, விசையை இழுக்க இழுக்கப் போகும், தீர்ந்தால் இன்னொரு மேகசின். பைக்குள் தெரியாமல் இருப்பதும் வெளியே வந்தபின் நில்லாமல் சுடுவதும் ஒரே கருவியில் கூடுகிறபோதுதான் ஆபத்து. தனித்தனியாக இருக்கிற வரை அவற்றைச் சமூகம் தாங்கிக்கொள்ளும்.

சட்டத்தையே மறந்துவிட்டு, மண்ணை மட்டும் பார்ப்போம். கைத்துப்பாக்கித் தோட்டா குறி தவறினால் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேலும் போகும். சிறிய .22 தோட்டாவே ஒரு கிலோமீட்டரைத் தாண்டும். நம் நிலத்தில் எந்தப் பக்கம் திரும்பி நின்றாலும் ஒன்றரைக் கிலோமீட்டருக்குள் என்ன இல்லை? தென்னந்தோப்புக்குள் வீடு இருக்கிறது, வீட்டுக்கு அப்பால் கயிறு திரிக்கிற கூடம், அதற்கு அப்பால் கண்மாய்க் கரையில் ஆடு மேய்ப்பவர், அதற்கும் அப்பால் திருச்சி-மதுரை நான்குவழிச் சாலை. பன்றி வருவது இரவில். விளக்கு வெளிச்சத்துக்கு அப்பால் என்ன இருக்கிறது என்பது சுடுபவருக்குத் தெரியாது. இதில் நம் மண்ணுக்கே உரிய இன்னொரு கேடு உண்டு, அது கல். மேலூர் வட்டாரம் முழுக்கக் கிரானைட் பாறை. தரையை ஒட்டிச் சுட்ட குண்டு பாறையில் சாய்வாகப் பட்டால் அது நிற்காது, தெறித்து எந்தத் திசையில் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. வழவழப்புக் குழலில் போகும் சிறு ரவைகள் அப்படியல்ல, காற்றில் வேகம் இழந்து முந்நூறு மீட்டருக்குள் விழுந்துவிடும். பயிர்க்காப்புக்கு அத்தகைய குழலைச் சட்டம் குறித்து வைத்திருப்பதில் எனக்கு ஒரு கிராமத்து அறிவு தெரிகிறது.

பன்றியின் பக்கத்திலிருந்தும் பார்க்க வேண்டும். வளர்ந்த ஆண் பன்றி நூறு கிலோவைத் தொடும், அதன் தோள்பட்டையில் கேடயம்போல் தடித்த தோல் உண்டு. 9 மில்லிமீட்டர் குண்டின் ஆற்றல் கார்பைனிலிருந்து வந்தாலும் 700 ஜூலை ஒட்டித்தான். 12 போர் (bore) எனப்படும் வழவழப்புக் குழல் துப்பாக்கியின் ஒற்றைக் குண்டு 3000 ஜூலை ஒட்டி வரும். நாலு மடங்கு வித்தியாசம். குறைந்த ஆற்றலுள்ள குண்டு பட்ட பன்றி விழாது, ஓடும். புதரில் கிடந்து இரண்டு நாள் துடிக்கும், அல்லது மறுநாள் காலையில் களையெடுக்க வருகிற பெண்களின் மேல் பாயும். பயிரை மேய்ந்ததற்காகச் சாகடிப்பது என்று முடிவானால் அது ஒரே வெடியில் முடிய வேண்டும். தீனிக்குள் அவுட்டுக்காய் என்ற நாட்டு வெடியை வைத்து வாயைச் சிதைப்பதையும் வேலியில் திருட்டு மின்சாரம் பாய்ச்சுவதையும் நாம் கண்டிப்பதும் இதே காரணத்தால்தான். 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே அப்படி ஒரு வேலியில் மூன்று யானைகள் செத்தன. அந்த மின்வேலிகளில் இரவுக் காவலுக்குப் போன உழவர்களும் செத்திருக்கிறார்கள். சட்டப்படியான வழி அடைத்துக் கிடக்கும்போது உழவர் இத்தகைய வழிகளுக்குத் தள்ளப்படுகிறார் என்பதை அரசும் உணர வேண்டும்.

அடுத்து, மிகக் கனமான மறுப்பு. தோட்டத்து வீட்டில் தனியாக இருக்கும் வயதான தம்பதியர் என்ன செய்வார்கள்? 2024 நவம்பரில் திருப்பூர் மாவட்டம் சேமலைக்கவுண்டம்பாளையத்தில் ஒரே வீட்டில் மூவர், 2025-இல் ஈரோடு மாவட்டம் சிவகிரி அருகே ஒரு முதிய தம்பதி. இந்தக் கொலைகளுக்குப் பிறகு தோப்புக்குள் விளக்கணைத்துப் படுக்கிற எவருக்கும் தூக்கம் சரியாக வந்திருக்காது. இலேசான, உதைக்காத துப்பாக்கியை ஒரு பாட்டியாலும் தூக்க முடியுமல்லவா என்று கேட்டால், தூக்க முடியும். ஆனால் கழற்றிப் பூட்டி வைத்த துப்பாக்கியை நள்ளிரவில், நாய் குரைக்கும் முன்பே வீட்டுக்குள் வந்துவிட்டவன் எதிரில், கூட்டித் தோட்டா செருகிச் சுட நேரம் இருக்காது. கூட்டி, தோட்டா போட்டு, தலைமாட்டில் வைத்துப் படுத்தால் பேரப்பிள்ளை வருகிற விடுமுறையில் என்ன ஆகும்? ஆள் இல்லாத பகலில் வருகிற திருடனுக்கு, பையில் போட்டுக்கொண்டு பேருந்தேறக் கூடிய துப்பாக்கியைவிட நல்ல பொருள் எது? தனி வீடுகளின் பயம் உண்மையானது, அதற்குக் காவல்துறையின் இரவு ரோந்தும் தோட்டத்துச் சாலைகளின் விளக்கும் அக்கம்பக்கத்தை எழுப்பும் மணியும் வேண்டும் என்று நாம் உரக்கக் கேட்க வேண்டும். அந்தக் கடமையை ஒரு துப்பாக்கியின் தலையில் கட்டிவிட்டு அரசு ஒதுங்க நாமே வழி செய்யக் கூடாது.

இன்னொன்றையும் எழுதியாக வேண்டும், எழுதாமல் விட்டால் இந்த மடல் நேர்மையானதாக இராது. 1997 ஜூன் 30-ஆம் நாள், நம் மேலூர் வட்டத்தின் மேலவளவில், ஊராட்சித் தலைவர் உட்பட ஆறு தலித்துகள் பட்டப்பகலில் பேருந்தை மறித்து வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அந்தத் தலைவர் செய்த ஒரே காரியம் தனித்தொகுதியான ஊராட்சியில் தேர்தலில் நின்று வென்றது. அன்று பயன்பட்டவை அரிவாள்கள். சாதி வெறி துப்பாக்கிக்காகக் காத்திருக்கவில்லை என்று இதை வைத்தே ஒருவர் வாதிடலாம். நான் வேறு மாதிரி பார்க்கிறேன். அந்த நினைவு இன்னும் ஆறாத மண்ணில், யார் பையில் என்ன இருக்கிறது என்று தெரியாத நிலை வந்தால், முதலில் அஞ்சி ஒடுங்குவது யார்? காலனி வீடுகளும் சேரித் தெருவும்தானே? மஞ்சுவிரட்டுக் கூட்டத்தில், தேரோட்டத்தில், தேர்தல் நாளில் பையோடு நிற்கிற ஒவ்வொருவனும் சந்தேகப் பொருளாவான். திருவிழாவுக்கும் ஊர்வலத்துக்கும் துப்பாக்கி எடுத்துப் போகக் கூடாது என்று உரிமத்தின் நிபந்தனையிலேயே இருப்பதும், கொண்டாட்டத்தில் வானைப் பார்த்துச் சுட்டால் இரண்டாண்டு வரை சிறை என்று 2019-இல் சேர்த்ததும், தேர்தல் அறிவித்ததும் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வதும் இந்த அச்சத்தை அறிந்தே. இன்ன வீட்டில் இன்ன எண்ணுள்ள துப்பாக்கி இருக்கிறது, இன்ன வயலில் இன்ன பருவத்தில் மட்டும் வெளியே வரும் என்று ஊர் முழுவதற்கும் தெரிந்திருந்தால் அந்தத் துப்பாக்கியோடு ஓர் ஊர் வாழ முடியும்.

சரி, என்ன கேட்பது? துப்பாக்கி உரிமம் மட்டும் கிடைத்தால் போதாது என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். படைக்கலச் சட்டம் ஒரு கதவு, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இன்னொரு கதவு. மயிலும் காட்டுமாடும் முதல் பட்டியலில் இருப்பவை, அவற்றின் பக்கம் குழலைத் திருப்பவே முடியாது. அவற்றுக்கு வேலியும் இழப்பீடும்தான் வழி. இழப்பீட்டுத் தொகையை உயர்த்தக் கேட்பது நியாயமான கோரிக்கை. பன்றிக்கு மட்டும் வழி திறந்திருக்கிறது. 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு எடுத்த முடிவின்படி, காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியை வனத்துறையினர் சுடலாம். 1 முதல் 3 கிலோமீட்டருக்குள் பிடித்துக் காட்டில் விட வேண்டும். ஒரு கிலோமீட்டருக்குள் சுடக் கூடாது. வரவேற்க வேண்டிய முடிவு, ஆனால் மலையடி உழவருக்கு அரைகுறை. அவர் நிலம் பெரும்பாலும் அந்த 3 கிலோமீட்டருக்குள்ளேயே கிடக்கிறது. சுடுவதற்கு வனத்துறை ஆள் வந்து சேரும் இரவில் பன்றி அடுத்த ஊர்க் காட்டில் இருக்கும். கேரளம் 2022-இல் வேறு வழி எடுத்தது. ஊராட்சித் தலைவருக்குப் பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தைப் பகிர்ந்து கொடுத்து, உரிமம் பெற்ற உள்ளூர்த் துப்பாக்கிக்காரர்களை அவர் அழைக்கலாம் என்றது. அங்கே தட்டுப்பட்ட சிக்கல் சுடத் தெரிந்த ஆள் போதாமை. நம் ஒன்றியத்துக்கு நான் முன்வைக்கும் யோசனை இந்த அனுபவத்திலிருந்து பிறந்தது. வீட்டுக்கு வீடு துப்பாக்கி கேட்க வேண்டாம். ஒன்றியத்துக்கு இத்தனை பேர் என்று, எல்லாச் சமூகத்தவரும் அடங்கிய, பயிற்சி பெற்றுச் சான்று வாங்கிய சுடுநர் பட்டியல் ஒன்று வேண்டும். அவர்களுக்கு 13-ஆம் பிரிவின்படி வழவழப்புக் குழல் துப்பாக்கி. ஊர்க்குழு தீர்மானித்து, வனத்துறை ஒப்பி, எந்த இரவு எந்த வயல் என்று பதிவாகி, அதன் பிறகு வெடி. 2016-ஆம் ஆண்டின் படைக்கல விதிகள் உரிமம் கேட்பவருக்குப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றை ஏற்கெனவே கட்டாயமாக்கியிருக்கின்றன, புதிதாகச் சட்டம் செய்ய வேண்டிய தேவை அதிகம் இல்லை.

பயிற்சி என்றால் களம் வேண்டும். இங்கேதான் இளைஞர்களே, உங்கள் ஆசைக்கு இடம் வருகிறது. திரையில் பார்த்த கார்பைனில் உங்களை ஈர்த்தது எதுவோ, குறி, அமைதி, விரலும் மூச்சும் ஒன்றாகிற அந்த நொடி, அது அத்தனையும் .22 ரைபிளில் இருக்கிறது, இன்னும் கூர்மையாக இருக்கிறது. 50 மீட்டர் போட்டியில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர், சட்டைப் பொத்தான் அளவு. காற்று ரைபிளில் 10 மீட்டர் தொலைவில் பத்துப் புள்ளி என்பது அரை மில்லிமீட்டர்ப் பொட்டு. கோலாப்பூர் மாவட்டத்தின் கம்பல்வாடி என்ற கிராமத்தில் பிறந்த ஸ்வப்னில் குசாலே 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் .22 ரைபிளால் வெண்கலம் வென்றார். ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். அதே பாரிஸில் 12 போர் துப்பாக்கியோடு பறக்கும் தட்டுகளைச் சுடும் போட்டியில் நின்ற பிரித்விராஜ் தொண்டைமான் நமக்குப் பக்கத்துப் புதுக்கோட்டைக்காரர். அவர் அரச குடும்பம் என்பீர்கள், ஸ்வப்னில் அல்ல. 0.177 அங்குலத் துளைக்கும் 20 ஜூல் ஆற்றலுக்கும் மேற்படாத காற்று ரைபிளுக்கு உரிமமே தேவையில்லை. பத்து மீட்டரைவிடச் சற்று நீளமான ஒரு பள்ளிக்கூட அறை போதும், பெண்பிள்ளைகளும் பழகலாம். மதுரையில் ரைபிள் கிளப் இருக்கிறது, ஆனால் 45 கிலோமீட்டர் போய்த் திரும்ப நேரமும் காசும் உள்ளவர்கள் நம்மில் எத்தனை பேர்?

களத்துக்கு நிலம் எங்கே என்று கேட்பவர்களுக்கு ஒரு சொல். மேலூர் வட்டாரத்தில் கிரானைட் முறைகேடுகள் 2012-இல் வெளிவந்த பிறகு கைவிடப்பட்ட குவாரிக் குழிகள் பல கிடக்கின்றன. நம் மண்ணைத் தின்றுவிட்டுப் போன பள்ளங்கள். ஊரைவிட்டு விலகி, மூன்று பக்கமும் சுவர்போல் உயர்ந்து நிற்கும் ஒரு வறண்ட குழியைத் தேர்ந்தெடுத்து, பாறையில் குண்டு தெறிக்காதபடி முகப்பில் தடித்த மண் அணை எழுப்பி, தரையில் மணல் பரப்பினால் 50 மீட்டர்க் களம் அமைக்கலாம். வெட்டிக் குவித்த கழிவு மண் அங்கேயே கிடக்கிறது. பொறியாளரும் காவல்துறையும் பார்த்துச் சான்று தந்த பிறகே முதல் வெடி. துப்பாக்கியும் தோட்டாவும் களத்தின் பூட்டிய அறையில் இருக்கும். காலையில் பிள்ளைகள் ஒலிம்பிக் கனவோடு பழகட்டும், மாலையில் பட்டியலில் உள்ள உழவர்கள் பன்றி உருவம் வரைந்த பலகையில் பழகட்டும்.

வருகிற கிராமசபையில் நீங்கள் தீர்மானமாக முன்மொழிய மூன்றே விஷயங்களை எழுதித் தருகிறேன், வார்த்தையை உங்கள் ஊருக்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள். ஒன்று, மலையடி ஊராட்சிகளுக்கு 3 கிலோமீட்டர் எல்லையை மறுஆய்வு செய்து, சான்று பெற்ற உள்ளூர்ச் சுடுநர் பட்டியலுக்கு வனத்துறை ஒப்புதல் தர வேண்டும். இரண்டு, அந்தப் பட்டியலில் உள்ளோரின் பயிர்க்காப்பு உரிம மனுக்களை மாவட்ட ஆட்சியர் 13-ஆம் பிரிவின்படி காலவரையறைக்குள் முடிக்க வேண்டும். மூன்று, கைவிடப்பட்ட குவாரி ஒன்றில் குறிசுடும் களம் அமைக்க இடம் பார்த்து அறிக்கை தர வேண்டும். தீர்மானப் புத்தகத்தில் எழுதிய பிறகு எல்லோரும் கையெழுத்துப் போடுகிறவரை மேடையை விட்டு யாரையும் எழ விடாதீர்கள். நகல் ஒன்றை வாங்கி, தேதி முத்திரை இருக்கிறதா என்று பார்த்துப் பத்திரப்படுத்துங்கள். அடுத்த கடலைப் பட்டம் வருவதற்குள் அதைக் கையில் வைத்துக்கொண்டு ஆட்சியர் அலுவலகத்தின் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்துக்குப் போக வேண்டியிருக்கும்.

அன்புடன்,
உங்களில் ஒருவர்